அசல் எங்கே?

ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன் நான். இண்டர்வியூ என்றால் எங்கள் பையன்களுக்கு ஓசூர்தான். 2004இல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது ஓசூரும் அதோடு போய்விட்டது. வேலைக்கு இன்னும் அங்கேதான் ஓடுகிறோம். 2013 ஆகஸ்டில் நானும் போனேன். கம்பெனி பேர் வேண்டாம்.

காலையில் எழுத்துத் தேர்வு. மத்தியானம் செய்முறை. இரண்டு இரும்புத் துண்டு கொடுத்தார்கள். ஒன்றில் சதுரப் பள்ளம், இன்னொன்றில் அதற்குள் உட்காரும் மேடு. அரத்தால் ராவிப் பொருத்தணும், நாலு மணி நேரம். புளூ தடவிப் பார்த்து, நிறம் ஒட்டுகிற இடத்தை மட்டும் ராவணும். ஒரு இழுப்பு கூடினால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். அப்புறம் எவன் வந்தாலும் சரிபண்ண முடியாது. சூப்பர்வைசர் என் துண்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் ஒழுகலை. 'நல்லா வந்திருக்குப்பா' என்றார். நல்ல மனுசன்.

மறுநாள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னியர் மீச்சிற்றளவு? 0.02 மி.மீ. மைக்ரோமீட்டர்? 0.01. எம்10 மரை போட என்ன துளை? எட்டரை. ஏன்? 'பத்துல பிட்ச் ஒன்றரையைக் கழிக்கணும் சார்.' கேட்கக் கேட்கச் சொன்னேன். பயம் விட்டுப்போச்சு.

கடைசியில் சான்றிதழ்.

'டூப்ளிகேட்னு போட்டிருக்கே, அசல் எங்கே?'

'எரிஞ்சிருச்சு சார்.'

'வீடு தீப்பிடிச்சுதா?'

தானாகப் பிடிக்கிற தீயா அது? 2012 நவம்பர் 7 சாயங்காலம், நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று இடத்திலும் 250க்கு மேற்பட்ட வீடுகள். எங்க அப்பா பெங்களூரில் கலவை சுமந்து படிக்க வைத்த தாளெல்லாம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. பெட்டி மிஞ்சியது. உள்ளே சாம்பல்.

'கொளுத்திட்டாங்க சார். நத்தம்' என்றேன்.

மூவரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். 'இளவரசன் ஊரா?'

ஜூலை 4ஆம் தேதிதான் அந்தப் பையனைத் தண்டவாளத்தோரம் பிணமாக எடுத்திருந்தார்கள். 'ஆமாங்க.'

அதற்கப்புறம் மரை இல்லை, அரம் இல்லை. ஊர் இப்ப அமைதியா இருக்கா? நீ எந்தச் சங்கத்துல இருக்க? உன்மேல கேஸ் உண்டா? கொளுத்தினவனிடம் கேட்க வேண்டியதை வீடு எரிந்தவனிடம் கேட்டார்கள். லெட்டர் வரும், போ என்றார்கள்.

வரலை. 'உன்னைச் சாதி கேட்கவே இல்லையே' என்கிறார்கள் கூடப் படித்தவர்கள். ஊரைக் கேட்டாச்சே, அப்புறம் எதுக்குச் சாதி?

செய்முறைத் துண்டில் அவரவர் எண்ணைப் பஞ்ச் வைத்து அடிக்கச் சொன்னார்கள். என் எண் 37. அங்கேதான் எங்காவது கிடக்கும். வேண்டுமானால் இப்பவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும்.