மேற்கு நோக்கிய விஷ்ணுலோகம்

திருமாலுக்கென எழுப்பப்பெற்ற ஆலயங்களுள் பரப்பளவில் மிகப் பெரியதைத் தரிசிக்க விரும்புவோர் கடல் கடந்து செல்ல வேண்டும். கம்போடியா நாட்டின் சியம் ரீப் நகரையொட்டி, 190 மீட்டர் அகலமுள்ள அகழியின் நடுவே நிற்கிறது அங்கோர் வாட். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் எடுப்பித்த திருப்பணி இது. மறைந்த பின் அம்மன்னனுக்கு வழங்கிய பெயர் பரமவிஷ்ணுலோகன்.

அந்நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இருந்த உறவுக்குச் சான்று சிதம்பரத்திலேயே உண்டு. காம்போஜ மன்னன் காட்சிப்பொருளாக அளித்த ஒரு கல்லை, முதலாம் குலோத்துங்க சோழன் தில்லைத் திருக்கோயிலின் சுவரில் பதிக்கச் செய்த செய்தியை கி.பி. 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. தில்லையை ஆயிரம் முறை வலம் வந்தவர்களிலும் இதை அறிந்தோர் சிலரே.

வெளிநாட்டுப் பயணம் என்றதும் பெருஞ்செலவு என அஞ்சிப் பின்வாங்குவோர் பலர். பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்தால் நிலைமை வேறு. ஒரே வேன், ஒரே வழிகாட்டி, எளிய விடுதியில் இருவருக்கு ஓர் அறை எனச் செலவு பகிர்ந்துபோகும். குறைக்க முடியாதது நுழைவுச்சீட்டு ஒன்றுதான். ஒரு நாளுக்கு 37 டாலர். மூன்று நாட்களுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விரும்பிய மூன்று நாட்களில் பயன்படுத்தலாம் என்பதால், நடுவில் ஒரு நாள் கால்களுக்கு ஓய்வு கொடுக்க வழியுண்டு. முதியோருக்கு இது பெரிய அனுகூலம். சீட்டில் அவரவர் புகைப்படம் அச்சாகும். ஒருவர் சீட்டில் மற்றவர் நுழைய இயலாது. கையில் கொண்டுசெல்லும் டாலர் தாள்கள் கிழிசல் இன்றி இருத்தல் அவசியம். சிறு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர்கள் வாங்க மறுப்பார்கள்.

தை பிறந்த பின் கும்பகோணத்திலிருந்து அவ்வாறு புறப்பட்டது ஒரு குழு. மொத்தம் பதினொருவர், அவர்களுள் ஒன்பது பேர் அறுபதைக் கடந்தவர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கு மழை குறைவு, வெயிலும் தாங்கக்கூடியது. சித்திரை வெயிலில் அந்தக் கற்றளத்தில் நடப்பது இளைஞர்க்கே கடினம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், ஒரு சிறு ரைஸ் குக்கர் ஆகியவை பெட்டியில் முதலில் ஏறின. காரணம் உண்டு. கம்போடியச் சமையலில் மீன்சாறு ஏறக்குறைய எல்லாவற்றிலும் கலந்திருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இறைச்சித் துண்டுகள் நீங்குமே தவிர மீன்சாறு நீங்காது. அதையும் தனியே சொல்ல வேண்டும். இந்திய உணவகங்கள் நகரில் உள்ளன என்றாலும், காலை ஐந்து மணிக்கு வெளியே கிளம்புவோர்க்குக் கைவசம் இருக்கும் புளிச்சோறே துணை.

குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும் இருந்தனர். அந்த அம்மையார் நாற்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் சகஸ்ரநாமம் சொல்பவர். இரு முழங்கால்களிலும் தேய்மானம். மகனும் மருமகளும் வேண்டாம் என்று தடுத்தபோது, நடக்க முடிகிற வரையில் நடந்துவிட்டு உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லிப் புறப்பட்டவர். விமானத்தில்தான் அவருக்கு ஒரு செய்தி தெரியவந்தது: அங்கோர் வாட் பல நூற்றாண்டுகளாகப் பௌத்தத் தலம், கருவறையில் மூலவர் இல்லை. பூசை இல்லாத கோயிலுக்கா இத்தனை தூரம் என்று அவர் கேட்டார். தலைமையாசிரியரிடம் அதற்கு விடை இல்லை.

முதல் நாளைப் பந்தியாய் ஸ்ரீ ஆலயத்துக்கு ஒதுக்கியது நல்ல ஏற்பாடு. பெரும்பாலும் சமதளம், ஏறுவதற்கு அதிகம் இல்லை. கி.பி. 967-இல் குடமுழுக்குக் கண்ட சிவாலயம் இது. யக்ஞவராகர் என்னும் அரச குரு எழுப்பியது. செந்நிற மணற்கல்லில் மரச்செதுக்கு வேலை போன்ற நுட்பம். இராவணன் கயிலையை அசைக்கும் காட்சியும், மன்மதன் எரியும் காட்சியும் நூலகம் எனப்படும் ஒரே சிறு கட்டடத்தின் இரு முகப்புகளில் உள்ளன. தமிழர் நின்று பார்க்க வேண்டியது கிழக்கு வாயிலின் முகப்பு. ஈசன் பல கரங்களுடன் ஆடுகிறார். அவர் திருவடி அருகே வற்றிய மார்பும் எலும்புருவுமாக ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கிறார். காரைக்கால் அம்மையாரே அவர் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டுள்ளனர். காரைக்காலில் மாங்கனித் திருவிழா காணும் அன்னை, பேய் வடிவுடன் கடல் கடந்து இங்கும் வந்து ஆடலரசன் அடிக்கீழ் அமர்ந்திருப்பதைக் கண்டதும் குழுவில் பேச்சு நின்றது. வழிகாட்டி அடுத்த இடத்துக்கு அழைத்தும் கால் மணி நேரம் எவரும் அசையவில்லை.

இரண்டாம் நாள் அங்கோர் வாட். கோயில் மேற்கு நோக்கியது. ஆகவே விடியலில் கோபுரங்களுக்குப் பின்னிருந்து கதிரவன் எழுவதைக் காண வடபுறக் குளக்கரையில் பெருங்கூட்டம் கூடுகிறது. முதியோர் அந்நெரிசலில் நிற்க வேண்டியதில்லை. சூரியோதயம் முடிந்ததும் கூட்டத்தில் பெரும்பகுதி காலை உணவுக்குத் திரும்பிவிடும். அந்த வேளையில் உள்ளே செல்வோர்க்குச் சிற்பக் கூடங்கள் அமைதியாகக் கிடைக்கும்.

கூடங்களைச் சுற்றிவர ஏறத்தாழ 800 மீட்டர். இங்கே ஒரு சிக்கல். சிற்பங்களின் கதையோட்டம் இடமிருந்து செல்லுமாறு, அதாவது அப்பிரதட்சிணமாக அமைந்துள்ளது. மேற்கு நோக்கிய வாயிலையும் இதையும் சேர்த்துப் பார்த்து, இது மன்னனின் நினைவாலயமாகவும் கருதப்பட்டிருக்கலாம் என்பர் ஆய்வாளர். வழிகாட்டியும் அம்முறையிலேயே அழைத்தார். குழுவினர் இசையவில்லை. கதை பின்னோக்கி வந்தாலும் பரவாயில்லை, பெருமாள் கோயிலை வலமாகத்தான் வருவோம் என்றனர். வழிகாட்டி சிரித்துக்கொண்டே வடக்கே திரும்பினார்.

அவ்வாறு சென்றால் முதலில் இலங்கைப் போர். வடபுறக் கூடத்தில் கண்ணன் பாணாசுரனுடன் பொருவது பதினாறாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது. உளியின் வேலை மற்றவற்றுக்கு ஈடாகாது, விரைந்து கடக்கலாம். கீழைக் கூடத்தின் தென்பகுதியில் நிதானிக்க வேண்டும். அங்கே 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையப்படுகிறது. வாசுகியின் வால் பக்கம் 88 தேவர்கள், தலைப் பக்கம் 92 அசுரர்கள், நடுவே நான்கு திருக்கரங்களுடன் திருமால், அடியில் கூர்மம். வலமாக வருவோர்க்கு வால் முதலில் வரும்; வாலைப் பற்றியிருக்கும் வானர உருவத்தை அனுமன் என்றே கூறுவோர் உண்டு. நடந்துகொண்டே பார்த்தால் கயிறு இழுபடுவது போலவே தோன்றும். தெற்கே திரும்பினால் எருமை மீது பல கைகளுடன் யமதர்மன், அருகே சித்திரகுப்தன், கீழே 32 நரகங்கள். இங்கு மட்டும் முதியோர் எல்லோரும் வேகமாக நடந்ததை வழிகாட்டி கவனித்தார். முடிவில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். சகஸ்ரநாமம் பிறந்த இடம் அது. அம்மையார் சற்றுத் தள்ளிப் படியில் அமர்ந்து, அந்தப் பீஷ்மரைப் பார்த்தபடியே தம் அன்றைய பாராயணத்தை மனத்துக்குள் முடித்தார்.

மேல்தளமாகிய பாக்கானுக்குச் செல்லும் படிகள் மிகச் செங்குத்தானவை. பழைய கற்படிகளின் மேல் கைப்பிடியுடன் மரப்படி அமைத்துள்ளனர். அதுவும் ஏணி போன்றதே. முழங்கால் வலி, தலைச்சுற்றல், இதய நோய் உள்ளோர் இதை முயலாதிருத்தல் நலம். தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம்; புடவைக்கும் வேட்டிக்கும் தடையில்லை, ஆனால் வேட்டியை மடித்துக் கட்டலாகாது. பௌத்தப் புனித நாட்களில் மேல்தளம் திறப்பதில்லை.

தலைமையாசிரியர் தயங்கி நின்றார். “நீங்க போயிட்டு வாங்க. மேலே பெருமாள் இல்லைங்கிறாங்களே, இருந்தா நானும் தவழ்ந்தாவது வந்திருப்பேன்” என்றார் அம்மையார். அவர் ஏறினார். முன்பு திருமால் எழுந்தருளியிருந்த நடுக்கோபுரத்தில் இப்போது புத்தர் திருமேனிகள். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டார்.

திரும்பும் வழியில், மேற்கு வாயிற்கோபுரத்தின் தென்பகுதியில் வழிகாட்டி அனைவரையும் நிறுத்தினார். காலையில் அவசரத்தில் கடந்துபோன இடம். உள்ளே எட்டுத் திருக்கரங்களுடன் மூன்று மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் விஷ்ணு. அந்நாட்டவர் அவரைத் தா ரீச் என அழைக்கின்றனர். பொன்னிற ஆடை சாத்தி, ஊதுவத்தி ஏற்றி, தாமரையும் பழமும் படைக்கின்றனர். தலை பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. ஆதியில் நடுக்கருவறையில் இருந்த மூர்த்தி இவரே என்று கருதுவோரும் உளர். அவ்வேளையில் ஒரு கெமர் மூதாட்டி ஊதுவத்தியை நெற்றிக்கு உயர்த்தி வணங்கிக்கொண்டிருந்தார். இந்த அம்மையார் அருகே சென்று கைகூப்பினார். மூதாட்டி தம் கையிலிருந்தவற்றில் மூன்றைப் பிரித்து அவரிடம் கொடுத்தார். பாஷை இல்லை, தேவைப்படவும் இல்லை. ஏறுவதற்கு அங்கே ஓரிரு படிகள்தாம். அவர் எழுந்துவர நெடுநேரம் ஆயிற்று. வேன் ஓட்டுநரிடம் தலைமையாசிரியரே போய்ச் சொல்லிக் காத்திருக்கச் செய்தார்.

மூன்றாம் நாள் குலேன் மலை. கி.பி. 802-இல் இரண்டாம் ஜயவர்மன் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்ட மகேந்திர பர்வதம் இதுவே. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. காலையிலேயே புறப்படுதல் வேண்டும். மலைமேல் ஆழமற்ற ஆற்றின் பாறைப் படுகையில் நூற்றுக்கணக்கான சிவலிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றைத் தழுவி வரும் நீர் கீழே சமவெளி வயல்களுக்குப் பாய்கிறது. நாடு முழுவதையும் அபிஷேக நீராலேயே நனைக்க எண்ணிய அந்தக் கற்பனைக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம். இதே போன்ற லிங்கங்கள் உள்ள கபால் ஸ்பியானுக்கு மேட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருப்பதால் முதியோர்க்கு அது உகந்ததன்று. குலேனில் ஆற்றங்கரை வரை வேன் செல்லும் தூரம் அதிகம், நடை குறைவு.

கம்போடிய மக்களும் இந்நீரைப் புனிதமெனக் கொண்டு தலையில் தெளித்துக்கொள்கின்றனர். அம்மையார் ஒரு சிறு புட்டியில் நிரப்பிக்கொண்டார். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விமானத்தில் அனுமதியில்லை என்று வழிகாட்டி நினைவூட்டவே, அன்றிரவு விடுதியில் அதை இரண்டு புடவைகளுக்கு நடுவே சுருட்டிப் பெரிய பெட்டியில் வைத்தார். இடம் போதாமல் ரைஸ் குக்கர் தலைமையாசிரியரின் கைக்குப் போனது.