போர்க்களம்

சொந்த மனையில் போர் போட்டவர்கள் இதைப் படித்து ஒரு பெருமூச்சு விடலாம். போடப் போகிறவர்கள் உஷாராகிக்கொள்ளலாம்.

பி.எஃப். லோன் போட்டு, அதுவும் பற்றாமல் மனைவியின் வளையல் இரண்டையும் அடகு வைத்து, தண்ணீருக்கு ஏற்பாடு செய்தேன். மாமனார் முதலில் ஒரு தேங்காய்க்காரரை அழைத்து வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து மனையைச் சுற்றினார். ஈசானிய மூலையில் தேங்காய் சட்டென்று எழுந்து நின்றது! நான் சிரித்தேன். (நாம்தான் படித்தவர்களாயிற்றே!) முந்நூறு ரூபாயோடு தேங்காயையும் வாங்கிக்கொண்டு போனார்.

நான் கூட்டி வந்தது 'ஜியாலஜிஸ்ட்'. விசிட்டிங் கார்டிலேயே போட்டிருந்தது, சார்! நாலு கம்பியைத் தரையில் அடித்து, ஒயர் மாட்டி, பெட்டியைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதி... அந்தத் தோரணைக்கே மூவாயிரம் கொடுக்கலாம். கொடுத்தேன். "நடு மனையில போடுங்க. 280 அடியில ரெண்டு இன்ச் தண்ணி நிச்சயம்" என்றார்.

280-ல் புகை. 400-லும் புகை. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ஒரு நூறு பாத்துடலாங்க" என்று வண்டிக்காரர் ஆறுதல் சொல்லச் சொல்ல (அடிக்கு இவ்வளவு என்று அவருக்கு மீட்டர் ஓடுகிறதே!) 620 அடி வரை புகைதான். தெருவே மாவு மில் மாதிரி ஆகிவிட்டது. மனைவி ஒன்றும் பேசவில்லை. வெறும் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கார்டுக்காரருக்கு போன் போட்டேன். "பூமிக்கு அடியில இருக்கறதுக்கு யார் சார் கேரண்டி குடுக்க முடியும்?" நியாயமான கேள்விதான். அப்புறம் விசாரித்ததில், மனுஷர் படித்தது பி.காம்.!

யாரிடம் போய்ச் சொல்ல? வக்கீலுக்கு 1961-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆர்க்கிடெக்ட்டுக்கு 1972-ல். மருந்துக் கடை பார்மஸிஸ்ட்டுக்கு 1948-லேயே. ஜியாலஜிஸ்ட்டுக்கு மட்டும் அப்படி ஒரு கவுன்சில் நம் நாட்டில் கிடையாது. போர் போடும் ஏஜென்சிகள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. எங்கே போடுவது என்று சொல்கிறவருக்கு..? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். ரசீது வாங்கியிருக்க வேண்டும்!

என் பழைய ரூம்மேட் நிஜமான எம்.எஸ்சி. ஜியாலஜி. இப்போது டொரன்டோவில் இருக்கிறான். அவனிடம் புலம்பினேன்.

"உனக்குப் போனது ஒரு போர்டா. இங்கே ஒரு ஷேர் மார்க்கெட்டே ஏமாந்துது" என்று ஆரம்பித்தான். ப்ரீ-எக்ஸ் என்று ஒரு கனடா கம்பெனி. இந்தோனேஷியாவில் புசாங் என்ற இடத்துக் காட்டில் தங்க மலையே இருக்கிறது என்றது. சில்லறைக்கு விற்ற ஷேர் 280 டாலரைத் தாண்டியது. 1997-ல் வேறொரு நிறுவனம் போய்ச் சோதித்தால், தங்கமே இல்லை! பாறைத் தூளில் யாரோ தங்கத் தூளைக் கலந்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆசிரியர்களின் பென்ஷன் பணம் உட்பட அறுநூறு கோடி டாலர் மதிப்பு ஆவி. யாருக்கும் தண்டனையும் இல்லை.

அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். 2000-ல் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜியாலஜிஸ்ட்டுகளுக்கென்றே தனிச் சட்டம். டிகிரி, நாலு வருஷ அனுபவம், தொழில் தர்மப் பரீட்சை எல்லாம் தாண்டினால்தான் லைசென்ஸ், சீல். 2001 முதல், சுரங்கக் கம்பெனி 'இவ்வளவு தங்கம் இருக்கு' என்று ஊருக்குச் சொல்ல வேண்டுமானால், தகுதியுள்ள ஒருத்தர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

"அப்படி ஒரு ஆள் பார்த்திருந்தா எனக்குத் தண்ணி வந்திருக்குமாடா?"

"இல்லாத தண்ணி எப்படிடா வரும்? ஆனா, 'இங்கே போடாதீங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பான். அடிச்சு விட்டா லைசென்ஸ் போயிடுமே!"

போன வாரம் எதிர் மனைக்காரர் வந்தார். "தண்ணி பார்த்தவர் நம்பர் இருந்தா குடுங்களேன்!"

கார்டைக் கொடுக்கவில்லை. தேங்காய்க்காரர் நம்பரையும் கொடுக்கவில்லை. டேங்கர் லாரிக்காரர் நம்பரைக் கொடுத்தேன்.