படுதாவுக்கு ஒரு சட்டை!

அப்பா வாங்கி மாட்டிய பால்கனிப் படுதாவின் நிழலில்தான் தினமும் அம்மாவுக்கு சாயங்காலக் காபி. அவர் போன பிறகும்!

சுருட்டி வைத்தாலும் வெயிலும் மழையும் விடவில்லை. பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி உறை தைத்து, நாலு பக்கமும் இறுக்கி மூடினேன். பத்தே நாளில் உள்ளே பூஞ்சை! ஃப்ளெக்ஸ் மழையை உள்ளே விடாது, சரி... ஈரத்தை வெளியேயும் விடாதே!

"ஈரத் துணியை மடிச்சு பீரோவுல வைப்பியாடா?" என்றாள் அம்மா.

சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துச் சுருட்டினேன். உறையின் அடிப்பக்கத்தைத் திறந்துவிட்டேன். பூஞ்சை போயே போச்சு!

ஒரே சிக்கல்... பேனரிலிருந்த 'மணமக்கள் வாழ்க!' தெருவைப் பார்த்து இளித்தது. "பொண்ணு எந்த ஊர்?" என்றார் எதிர்வீட்டு மாமி. பேச்சிலர் நான் திருதிருவென விழித்தேன்.

"திருப்பித் தைச்சுடட்டுமாம்மா?"

"இருக்கட்டும்டா, ராசியான பேனர்!"

ரொம்ப நாளைக்கப்புறம் அம்மா சிரித்தாள்.