வடியாத நீர்

சலவை இயந்திரம் பழுதாகும் விதங்கள் அதிகம் இல்லை. நீர் உள்ளே வராமல் போகலாம்; வந்த நீர் வெளியேறாமல் நிற்கலாம்; போகக் கூடாத வழியில் ஒழுகலாம்; உருளை சுற்றாமல் போகலாம். இவற்றுள் நடுவில் உள்ள இரண்டும்தான் வீட்டில் இருப்பவர்களை மிரள வைப்பவை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சாம்பல் நிற நீர் அசையாமல் நிற்கும். துணிகள் அதற்குள் மூழ்கிக் கிடக்கும். கதவு திறக்காது.

எங்கள் வீட்டு இயந்திரம் 2011இல் அப்பா வாங்கியது. முன்பக்கம் கதவுள்ள வகை. 2022 ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, நீரை வெளியேற்றாமல் நின்றுவிட்டது. பார்க்க வந்தவர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "பம்ப் போயிடுச்சு சார். பதினோரு வருஷ மெஷின். இதுக்குச் செலவு பண்ணாதீங்க, எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்றார்.

மறுநாள் காலை கொல்லையில் துணி அடிக்கும் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. வலது கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. போர்வையைப் பிழிய முடியாமல் அதன் ஒரு முனையைக் குழாயில் சுற்றி, மறுமுனையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். "புதுசு வர்ற வரைக்கும்தானேடா" என்றார்.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூலில், வீட்டுக் கருவிகள் பெண்களின் வேலையை நாம் நம்புகிற அளவுக்குக் குறைத்துவிடவில்லை என்று வாதிட்டார். உடல் உழைப்பு குறைந்தது; ஆனால் தூய்மையின் அளவுகோல் உயர்ந்தது, மற்றவர்கள் செய்துவந்த பங்கும் தாயின் தலையில் வந்து சேர்ந்தது என்பது அவர் கருத்து. ஹான்ஸ் ரோஸ்லிங் 2010இல் ஆற்றிய உரையொன்றில், தன் வீட்டுக்கு முதல் சலவை இயந்திரம் வந்த நாளில் பாட்டி அதன் முன் அமர்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். மிச்சமான நேரத்தில் தாய் தன்னை நூலகத்துக்கு அழைத்துப் போனதையும் சொன்னார். இரண்டையும் முன்பே அறிந்திருந்தேன். குழாயில் சுற்றிய அந்தப் போர்வையைப் பார்த்தபோது விவாதத்தில் எந்தப் பக்கம் என்பது எனக்கு முக்கியமாக இல்லை. இயந்திரம் அன்றே ஓட வேண்டும்.

பழுது பார்க்க வந்தவர் கேட்ட அதே ஒலியை நானும் கேட்டேன். பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. கம்பிச்சுருள் எரிந்துபோன பம்ப் பெரும்பாலும் ஒலியே எழுப்பாது. உறுமுகிறது என்றால் மின்சாரம் அதுவரை போகிறது, சுற்ற முயல்கிறது, ஏதோ ஒன்று தடுக்கிறது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் இருக்கும் வடிகால் பம்ப் மிக எளிமையானது. ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், காந்தத்தின் முனையில் சிறு விசிறி. நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும். தொடங்கும்போது அது இடமாகவும் சுழலலாம், வலமாகவும் சுழலலாம். எந்தப் பக்கம் என்பது அந்தக் கணத்தில்தான் முடிவாகும். அதனால்தான் அதன் இதழ்கள் வளைவில்லாமல் நேராக இருக்கின்றன. எப்படிச் சுழன்றாலும் நீர் வெளியே போய்விடும்.

நீர் போய்விட்டதா என்பதை இயந்திரம் கண்ணால் பார்ப்பதில்லை. தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே ஏறுகிறது. நீர் உயர உயர அதனுள் அடைபட்ட காற்றின் அழுத்தம் கூடும். பம்ப் சில நிமிடங்கள் ஓடிய பிறகும் அழுத்தம் இறங்காவிட்டால், ஒரு பிழைக்குறியைக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எது அடைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. போக வேண்டியது போகவில்லை என்று மட்டும் தெரியும்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அடிப்பகுதியில் இருக்கும் சிறு மூடியைத் திறந்தேன். உள்ளே விரல் பருமனில் ஒரு குழாய், முனையில் ஓர் அடைப்பான். நீர் வடிய அரை மணி நேரம் ஆயிற்று. தரையோடு தரையாக இருக்கும் குழாய்க்குக் கீழே வாளி நுழையாது. சாப்பாட்டுத் தட்டுதான் உதவும். அம்மா தட்டுகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு வடிகட்டியை மெல்லத் திருகி எடுத்தேன். நூலும் தலைமுடியும் சேர்ந்து திரிந்த ஒரு சாம்பல் உருண்டை, இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று, சட்டைப் பொத்தான், துருவேறிய ஐந்து ஊக்குகள். வடிகட்டி இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஆறாவது ஊக்கு விசிறியின் இதழுக்கும் சுவருக்கும் இடையே செருகிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்ததும் வந்துவிட்டது. விசிறியை விரலால் சுற்றினேன். விட்டு விட்டு, தத்தித் தத்திச் சுற்றியது. காந்தம் இருப்பதால் அது அப்படித்தான் சுற்றும். அதைப் பழுதென்று எண்ணிப் பம்பை மாற்றுபவர்களும் உண்டு.

ஆறு ஊக்குகளையும் அம்மா உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "எட்டு காணாமப் போச்சு" என்றார்.

அம்மாவின் தாலிக்கொடியில் எப்போதும் ஏழெட்டு ஊக்குகள் தொங்கும். எங்கள் பள்ளிச் சீருடையில் பொத்தான் அறுந்தாலும், கல்யாண மண்டபத்தில் யாருக்காவது புடவை மடிப்பு நழுவினாலும், பேருந்தில் செருப்பு வார் பிய்ந்தாலும் அவர் கை கழுத்துக்குப் போகும். அப்பா 2018இல் இறந்தார். பத்தாம் நாள் கொடி கழற்றப்பட்டபோது அதிலிருந்த ஊக்குகளை யாரோ ஒரு தட்டில் போட்டு வைத்தார்கள். அதன் பிறகு சில மாதங்கள், யாராவது ஊக்கு கேட்டால் அவர் கை பழக்கத்தில் கழுத்துவரை போய்த் திரும்பும். பிறகு அவற்றை முந்தானையின் உட்புறம் குத்திக்கொள்ளத் தொடங்கினார். முந்தானை துவைக்கப்படும், கழுத்து துவைக்கப்படுவதில்லை. நான்கு ஆண்டுகளாக அவை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குள் போயிருக்கின்றன. நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து இயந்திரத்தின் அடியில் நீர் தேங்கியது. ஒழுகலைப் பொறுத்தவரை எங்கே என்று தேடுவதைவிட எப்போது என்று கவனிப்பது நல்லது. நீர் நிரம்பும்போது ஒழுகினால் நுழைகுழாயையோ சோப்புத்தூள் பெட்டியையோ பார்க்க வேண்டும். துவைக்கும்போது என்றால் கதவின் ரப்பர் வளையம். வெளியேற்றும்போது என்றால் பம்பும் வடிகுழாயும். சுழன்று பிழியும்போது இரைச்சலும் துருக்கறையும் சேர்ந்து வந்தால் உருளையின் பேரிங்கில் கோளாறு. அது வீட்டில் செய்யக்கூடிய வேலை அல்ல. அடியில் பழைய நாளிதழை விரித்து உட்கார்ந்திருந்தேன். துவைக்கும்போது முன்பக்கத் தாள் நனைந்தது. ரப்பர் வளையத்தின் கீழ்மடிப்பை விரித்ததும் ஏழாவது ஊக்கு திறந்தபடி கிடந்தது. அருகில் ஒரு நகத்தளவு கிழிசல்.

2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், சலவை இயந்திரத்தின் கதவு ரப்பரைப் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் சாதாரணப் பயனாளர்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது விதி. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. எனக்கு உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் நான்கு நாட்களில் வரவழைத்துக் கொடுத்தார். சுருள்கம்பி வளையத்தைக் கழற்றி, புதிய ரப்பரின் விளிம்பில் பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலைத் தடவி, அதன் மேல்குறியை உருளைத் தொட்டியின் குறியோடு பொருத்தினால் வழுக்கிக்கொண்டு அமர்ந்துவிடும். குறி தவறினால் அடியில் இருக்க வேண்டிய வடிதுளை பக்கவாட்டில் போய்விடும்.

அந்த இயந்திரம் இன்னும் ஓடுகிறது. அதன் இரும்புப் பக்கத்தில் பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து எடுத்த காந்தத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். துணி போடும் முன் அம்மா முந்தானையைத் தடவி ஊக்குகளை எடுத்து அதில் சேர்ப்பார். எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இல்லாவிட்டால் துணிகளை எல்லாம் வெளியே எடுத்து உதறிப் பார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார். எட்டாவது ஊக்கு இதுவரை கிடைக்கவில்லை.