போர்டு போயிடுச்சா? கொஞ்சம் பொறுங்க!

வாஷிங் மெஷினுக்கும் மூளை உண்டு. எவ்வளவு தண்ணி பிடிக்கணும், எப்போ சுத்தணும், எப்போ வடிக்கணும் என்று உத்தரவு போடுவது அதுதான். மெக்கானிக்குகள் அதை 'போர்டு' என்பார்கள். மெஷின் நின்றுவிட்டால் நாம் அதிகம் கேட்கும் வசனம்: "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க."

எங்க வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். எங்களுடையது 2009-ல் வாங்கிய, மேலே மூடி திறக்கும் ஆட்டோமேட்டிக் மெஷின். சுவிட்ச் போட்டால் லைட் எரியும், தண்ணியும் பிடிக்கும். சுத்த ஆரம்பிக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். உடனே எல்லா லைட்டும் அணைந்து, மறுபடி முதலிலிருந்து எரியும். எத்தனை தடவை போட்டாலும் இதே கூத்துதான்.

பார்க்க வந்தவர் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லம்மா." வந்து பார்த்ததற்கு 350 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்க பாட்டி படுத்த படுக்கையாகி எட்டு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு மூன்று பெட்ஷீட்டாவது துவைக்க வேண்டும். அம்மாவுக்கோ வலது மணிக்கட்டில் வலி, பிழிய முடியாது. பன்னிரண்டு நாள் நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். புது மெஷின் வாங்க அப்போது கையில் பணம் இல்லை.

எங்கள் தெருவில் டிவி ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அம்மா விஷயத்தைச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "போர்டு போச்சுன்னா அதுல எது போச்சுக்கா? அதுல எம்பது பார்ட்டு இருக்கே!"

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு ஒவ்வொரு ஒயரும் எங்கே மாட்டியிருக்கிறது என்று என்னை போனில் போட்டோ எடுக்கச் சொன்னார். போர்டு மேல் ஜெல்லி மாதிரி ஒரு பசை ஊற்றியிருந்தது. ஈரம் புகாமல் இருக்கத்தானாம். அதை மெதுவாகக் கிளறி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

பிறகு எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கரண்ட் கொடுத்து மல்டிமீட்டரில் பார்த்தார். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 இருந்தது. ஆனால் 'டிக்' கேட்டதும் 7-க்கு இறங்கியது. "ஆள் மாட்டிக்கிட்டான்" என்றார்.

மாட்டிய ஆள் சுண்டு விரல் நுனி அளவு கெப்பாசிட்டர். நம் பிளஸ் டூ இயற்பியலில் வருகிற அதே மின்தேக்கிதான். 470 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட். தட்டையாக இருக்க வேண்டிய தலை லேசாக உப்பியிருந்தது.

அதன் வேலை நம்ம வீட்டு மாடித் தொட்டி மாதிரி. விட்டு விட்டு வரும் மின்சாரத்தைத் தேக்கி வைத்துச் சீராகக் கொடுக்கும். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வருடக்கணக்கில் காய்ந்து போனால் தேக்கும் சக்தி குறையும். ரிலே இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். உடனே மூளை எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கும். எங்கள் மெஷின் பன்னிரண்டு நாளும் சொன்ன 'டிக்' இதுதான்!

புது கெப்பாசிட்டர் 8 ரூபாய். 85 டிகிரி வகை வேண்டாம், 105 டிகிரி தாங்குவதை வாங்கு என்றார். 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் சுமார் இரண்டு மடங்காகும் என்பது கணக்காம். உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றி வைத்தால் வெடித்துவிடும். பற்ற வைத்து முடித்ததும் மேலே சிலிக்கான் பசை பூசினார். வினிகர் வாசனை அடிக்கும் வகை செம்பை அரிக்குமாம், அதனால் அதைத் தவிர்த்தார். கூலி 300 ரூபாய். அன்று சாயங்காலமே பெட்ஷீட் மூன்றும் மெஷினுக்குள் போயின.

எல்லா போர்டும் இப்படிப் பிழைக்காது என்றும் அண்ணன் சொன்னார். ஈயப் பற்று விரிந்திருந்தால் மறுபடி பற்ற வைக்கலாம். ரிலே கருகியிருந்தால் மாற்றலாம். மூளையான சிப்பே போய்விட்டால், அதற்குள் எழுதிய புரோகிராமும் சேர்ந்து போய்விடும். அப்போது வேறு போர்டுதான் வழி.

நண்பர்களே, ஒரு எச்சரிக்கை. பல மெஷின்களில் போர்டின் 5 வோல்ட் பகுதிகூட 230 வோல்ட் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். தெரிந்தவர் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

பழுது பார்த்துப் பயன்படுத்துவது நம் உரிமை என்று இப்போது அரசாங்கமே பேசுகிறது. மத்திய அரசு 2022 டிசம்பரில் இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. எட்டு ரூபாய் பார்ட்டுக்காக ஒரு முழு மெஷினைக் குப்பைக்கு அனுப்புவது காசுக்கும் நஷ்டம், மண்ணுக்கும் நஷ்டம்.

'போர்டு போச்சு' என்பது 'உடம்பு சரியில்லை' என்பது மாதிரிதான். அது நோயின் பெயர் இல்லை. இனிமேல் உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள்: "போர்டுல எது அண்ணா போச்சு?"