ஆரல்வாய்மொழிக் காற்றும் படப்பிடிப்பு வெளிச்சமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் நாஞ்சில் நாட்டுக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் நடுவே திறந்துகிடக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில், தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை ஓயாமல் பாய்வதால், முப்பந்தல் வட்டாரம் ஏறத்தாழ 1,500 மெகாவாட் நிறுவுதிறன் கொண்ட காற்றாலைக் காடாக வளர்ந்துள்ளது. அந்தக் காற்றாலைகளைப் பின்னணியாக்கிப் பாடல் காட்சி எடுக்க வரும் குழுக்களோ, விளக்குகளுக்கான மின்சாரத்தை லாரியில் ஏற்றிவந்த டீசல் ஜெனரேட்டரிலிருந்தே பெறுகின்றன.

இதற்குக் காரணம் தொழிலாளரின் அக்கறையின்மை அன்று. காற்றாலை தரும் மின்சாரம் துணைமின் நிலையம் வழியாக மாநில மின்கட்டமைப்புக்குள் சென்றுவிடுவதால், கோபுரத்தடியில் நிற்பவர் அதை நேரே எடுக்க இயலாது. மின்வாரியத்திடம் தற்காலிக இணைப்புக் கேட்க இடமும் நாளும் முன்கூட்டியே உறுதியாக வேண்டும். நடிகரின் தேதியையும் வானிலையையும் நம்பி நகரும் வெளிப்புறப் படப்பிடிப்பிலோ இவ்விரண்டும் கடைசி நேரத்தில்தான் முடிவாகின்றன. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. கிடைப்பது மூன்று அல்லது நான்கு யூனிட் மின்சாரமே. எல்லா விளக்கும் ஒருசேர எரியும் சில நிமிடங்களைக் கருதிப் பெரிய எந்திரம் கொண்டுவரப்படுவதால், மீதிப் பொழுதெல்லாம் அது குறைந்த சுமையில் ஓடி, யூனிட்டுக்குக் கூடுதல் டீசலைக் குடித்துப் புகை கக்குகிறது. எந்திரத்தின் ஒலி மாறுவதைக் கொண்டே சுமையை அறியும் ஜெனரேட்டர் ஆபரேட்டரிடம் இதைத் திருத்தும் அறிவு இருந்தும், திட்டமிடும்போது அவருடன் எவரும் கலந்தாலோசிப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

‘டென்கே’ என லைட்மேன்கள் அழைக்கும் 10,000 வாட் டங்ஸ்டன் விளக்கு, வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதியை வெப்பமாகவே இழக்கிறது. எல்.இ.டி. விளக்குகள் இந்தச் சுமையைப் பல மடங்கு குறைப்பதால் சிறிய எந்திரமோ மின்கலத் தொகுதியோ போதுமானதாகிறது. கனமான கேபிள்களைத் தோளில் சுமக்கும் உழைப்பும் குறைகிறது.

இக்கணவாயில் மிகவும் கவலைக்குரிய பொருள் தெர்மாகோல். முகத்தில் விழும் வெளிச்சத்தை மென்மையாக்க, விளக்கொளியை அதன் வெண்பரப்பில் பட்டுத் திரும்பச் செய்வது பழகிய முறை. ஆடிக் காற்றில் இருவர் பிடித்தாலும் அந்தப் பலகை ஒடிந்து, மட்காத வெண்மணிகளாக வயல்களில் சிதறுகிறது. 1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ என்னும் படத்துக்காக ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, அரங்க முற்றத்தின் மேல் வெள்ளைத் துணி கட்டி ஒளியைத் திருப்பினார். இங்கே துணி பாய்மரம்போலப் புடைத்துக்கொள்ளும் என்பதால், காற்றின் திசையறிந்து சட்டத்தைச் சாய்த்துக் கட்டி, தாங்கியின் காலில் மணல்மூட்டை ஏற்ற வேண்டும். அது லைட்மேன்களின் கைத்திறன். ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தை ஒளிப்பதிவு செய்த பாலு மகேந்திரா போற்றிய இயற்கை ஒளியோ, சூரியனின் நேரத்துக்குப் படப்பிடிப்பை ஒழுங்குசெய்யும் பொறுமையையே முதலில் கேட்கிறது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு தடைசெய்துள்ள நிலையில், வாழை விளையும் இவ்வட்டாரத்தில் படப்பிடிப்புச் சாப்பாட்டை இலையில் பரிமாறுவது கடினமன்று.

பிரிட்டனில் 2011இல் தொடங்கிய ‘ஆல்பர்ட்’ என்னும் அமைப்பு, ஒரு படைப்பின் பயணம், எரிபொருள், பொருள்கள் ஆகியவற்றால் வெளியாகும் கரியமில வாயுவைத் தயாரிப்பாளர்களே கணக்கிட வழிசெய்தது. இங்கு அதற்கு மென்பொருள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: எரிந்த டீசல், எந்திரம் ஓடிய மணி, உண்மையில் விளக்கெரிந்த மணி ஆகிய மூன்றையும் ஜெனரேட்டர் ஆபரேட்டர் தம் கையால் அன்றாட அறிக்கையில் எழுதி, அடுத்த அட்டவணைக்குரிய எந்திரத்தின் அளவை அவரும் தலைமை லைட்மேனும் ஒளிப்பதிவாளருடன் உட்கார்ந்து முடிவுசெய்யலாம்.