உயிருக்குப் பேரமா?

கத்தரிக்காய் விற்கிறவளிடம் ஐந்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் வாதாடுகிற நாம், ஆஸ்பத்திரி பில்லைக் கண்டால் வாயடைத்துப் போகிறோம். உயிரைக் காப்பாற்றியவர்களிடம் காசைப் பற்றிப் பேசுவது நன்றி கெட்டதனம் என்று ஒரு கூச்சம். கையில் இன்ஷூரன்ஸ் இருக்கும்வரை இந்தக் கூச்சத்தினால் நஷ்டமில்லை. அது போன பிறகுதான் கூச்சத்துக்கு என்ன விலை என்று தெரிகிறது.

என் தம்பி சென்னையில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்தான். சிப்பந்திகளின் பெற்றோருக்கும் சேர்த்துக் கம்பெனியே இன்ஷூரன்ஸ் கட்டிவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்குறைப்பு என்று சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். உத்தியோகத்தோடு இன்ஷூரன்ஸும் அன்றைக்கே போய்விட்டது. இப்படி வெளியே வருகிறவர்கள் அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொந்தப் பாலிசிக்கு மாறிக்கொள்ள விதிகளில் இடமுண்டு. அதை அவனிடம் சொல்லவேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. புதிதாகப் பாலிசி எடுத்தாலோ, விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் பணம் கிடையாது. எங்கள் அம்மாவுக்கு மூன்றாவது வாரமே நெஞ்சு வலி வந்துவிட்டது.

இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கைராசிக்கார டாக்டர், அம்மா பிழைத்தாள். ஐந்தாம் நாள் பில் வந்தது: 4,12,000 ரூபாய். தம்பி மனைவி ஒன்றும் பேசாமல் நான்கு வளையல்களையும் கழற்றி அவனிடம் கொடுத்தாள். அதைப் பார்த்த அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஏண்டா, இத்தனை ரூபாய் நான் பெறுவேனா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. கவுண்டருக்குப் போய், பில்லை இனம் இனமாக எழுதித் தரும்படி கேட்டேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வேண்டாம் அண்ணா, அம்மா உயிருக்குப் பேரம் பேசுகிற மாதிரி இருக்கிறது."

பேரம் வேறு, கணக்கு வேறு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018-ல் வெளியான நோயாளர் உரிமைச் சாசனம், விவரமான பில்லைப் பெறுவது நோயாளியின் உரிமை என்றே சொல்கிறது. பாக்கிக்காக நோயாளியை நிறுத்திவைக்கலாகாது என்றும் சொல்கிறது.

ஒன்பது பக்கம் வந்தது. ஸ்டென்ட் விலையில் குறை சொல்ல இடமில்லை. லட்சத்துக்கு மேலும் விற்றுவந்த அந்தச் சாமானுக்கு 2017 பிப்ரவரியில் சர்க்கார் உச்ச விலை விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அப்போது 29,600 ரூபாய். மற்ற வரிகளில்தான் மூட்டம். அம்மா வார்டுக்கு மாறிய நாளுக்கும் ஐ.சி.யூ. வாடகை இருந்தது. திருப்பிக் கொடுத்த மருந்துகளைக் கழிக்கவில்லை. எடுக்காத ஒரு ஸ்கேனும் இருந்தது. மேனேஜர் வந்து பார்த்தார். மறுக்கவில்லை, 61,000 ரூபாயைக் கழித்துக் கொடுத்தார்.

அவரைப் பொல்லாதவர் என்று சொல்லமாட்டேன். இன்ஷூரன்ஸ் இருந்திருந்தால், அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவர் எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து இதே கேள்விகளைக் கேட்டிருப்பார். அவரை யாரும் நன்றி கெட்டவர் என்று சொல்வதில்லை. அது அவர் வேலை. இன்ஷூரன்ஸ் போனபோது பணத்தோடு அந்த ஆளும் போய்விட்டார். அவர் வேலையை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். மனம் கலங்கியிருக்கிற பிள்ளையோ பெண்ணோ அதைச் செய்ய முடியாவிட்டால், கொஞ்சம் தள்ளி நிற்கிற உறவுக்காரர் செய்யட்டும்.

கடன் இல்லாமல் தீர்ந்துவிடவில்லை. மூன்று வளையல்கள் அடகுக்குப் போயின. மிஞ்சிய ஒன்றை அம்மா, கை நடுங்க, மருமகளுக்குத் தானே போட்டுவிட்டாள்.